கேமராவுக்குள் இருந்த அம்மா

அன்புள்ள மாமாவுக்கு,

முழங்கால் வலி குறைந்ததா? நம் பாப்பா ஒழுங்காகச் சாப்பிடுகிறாளா? குன்னூரில் நான் நலம்.

எங்கள் ஸ்டுடியோ வாங்கிய பழைய கேமராவுக்குள் பிலிம் இருந்தது. கழுவியதில் ஒரே படம்தான் தேறியது. கொழுந்து பறிக்கும் ஒரு பெண். அதைக் கடைக் கண்ணாடியில் ஒட்டியிருந்தோம். நேற்று ஒரு எஸ்டேட் அக்கா அதைப் பார்த்துவிட்டு உள்ளே வந்தார்.

"எங்கம்மாங்க இது. எனக்குப் பத்து வயசுல போயிட்டாங்க. மொகமே மறந்து போச்சுன்னு நெனச்சிருந்தேனுங்க" என்று அழுதார். படத்தை அவரிடமே கொடுத்துவிட்டேன்.

போன வாரம் வீடியோவில் பாப்பா என்னைப் பார்த்து, "யாருப்பா இது?" என்றாளே. விளையாட்டுக்குத்தான் கேட்டிருப்பாள். இருந்தாலும் என் படம் ஒன்றை இதில் வைத்திருக்கிறேன். தினமும் காட்டுங்கள்.

கடை திறக்க நேரமாகிவிட்டது. லென்ஸ் துடைக்கத் துணி வேண்டும். அவளுக்குச் சின்னதாகிப்போன கவுன் ஒன்றை அனுப்புங்கள். துவைக்க வேண்டாம்.

உங்கள்
அம்சவேணி