சிவப்புப் பொட்டு வைத்தவள்

சால்டரிங் வாசனையோடு வீடு திரும்பி, கைகழுவும் முன்னே என்னைத் தூக்கிக்கொள்ளும் என் அம்மாவுக்கு,

நீ வேலை பார்த்த ஆம்ப்ளிஃபயர் கம்பெனி மறுபடி வந்துவிட்டது. வந்தது பெயர் மட்டும்தான். பெங்களூரில் யாரோ அந்தப் பெயரை விலைக்கு வாங்கியிருக்கிறார்கள். பெட்டி வெளிநாட்டிலிருந்து வருகிறது. நல்லம்பள்ளி தாண்டி நீங்கள் உட்கார்ந்து வேலை செய்த கட்டடத்தில் இப்போது சிமெண்ட் மூட்டை அடுக்கியிருக்கிறது.

தர்மபுரிக் கடையில் புதுப் பெட்டியைப் பார்த்தேன். பழையபடியே மரப்பலகை, பழையபடியே குமிழ். முன்பக்கத்தில் கம்பெனி பெயருக்குப் பக்கத்தில் ஒரு சிவப்புப் பொட்டு. அது பாரம்பரியச் சின்னம் என்றார் கடைக்காரர்.

உனக்குச் சிரிப்பு வருமா, கோபம் வருமா? சரிபார்த்து முடித்த திருகின்மேல், பெட்டிக்கு உள்ளே, நீ வைத்த பொட்டுதான் அது. ஆளுக்கொரு நிறம். உனக்குச் சிவப்பு, உன்னோடு வேலை செய்த நூர்ஜஹான் அத்தைக்குப் பச்சை. பழுதாகித் திரும்பி வந்த பெட்டியைத் திறந்து, பொட்டைப் பார்த்துத்தான் யாரைத் திட்டுவது என்று முடிவு செய்வார்கள். சூப்பர்வைசர் உன்னைப் பெயர் சொல்லிக்கூடக் கூப்பிட்டதில்லை. "ஏ சிவப்பு, இங்க வா." சோறு போடும்போது நீயே அவரைப் போல நடித்துக் காட்டுவாய். நாங்கள் சிரிப்போம். ஏன் சிரித்தோம் என்று இப்போது தெரியவில்லை.

இன்று பழைய பெட்டிகளைத் திறந்து பார்த்தவர்களுக்கு அந்தப் பொட்டு அழகாகத் தெரிந்திருக்கிறது.

அந்தப் பெட்டியில் நீ ஒரு பாட்டுக்கூட முழுதாகக் கேட்டதில்லை. சோதனைக்கு வரும் ஒற்றைக் 'கூ' சத்தம் மட்டும்தான். ஒரு நாள் காலையில் கேட்டைப் பூட்டிவிட்டு எல்லோரையும் வீட்டுக்குப் போகச் சொன்னார்கள். மறுவாரமே நீ மாம்பழக்கூழ் ஆலைக்குப் போனாய்.

போன மாதம் புதுக் கம்பெனி ஆள் ஒருவர் பழைய ஆட்களை விசாரித்து, நூர்ஜஹான் அத்தையைக் கூட்டிக்கொண்டு பாப்பாரப்பட்டியில் நம் வீட்டுக்கு வந்தார். கையில் உன் படம். தூரிகையோடு பெட்டிமேல் குனிந்திருக்கிறாய். கீழே 'எங்கள் குடும்பம்' என்று அச்சடித்திருந்தது. விளம்பரத்தில் போட என் சம்மதம் வேண்டுமாம். பதிலுக்கு ஒரு புதுப் பெட்டி தருவார்களாம்.

உன் பெயரையும் போடுங்கள் என்றேன். டிசைனில் இடமில்லை என்றார். அத்தை டம்ளரைக் கீழே வைத்தார்.

"குடும்பம்னு போட்டிருக்கீங்களே, சொந்தக் குடும்பத்துல ஒருத்தி பேரு தெரியாம இருப்பாங்களா? அவ பேரப் போடுங்க. இல்லீன்னா அந்தப் பொட்ட எடுத்துருங்க."

மேலே கேட்டுச் சொல்வதாகச் சொல்லிப் போனவர் திரும்பக் கூப்பிடவில்லை.

விளம்பரம் வந்துவிட்டது அம்மா. உன் படம் இல்லை. பொட்டு இருக்கிறது.

நான் ஒத்துக்கொண்டிருந்தால் உன் முகமாவது வந்திருக்குமே? அது மனதைக் குடைந்துகொண்டே இருந்தது. அத்தை வீட்டுக்கே போய்க் கேட்டேன்.

"போடா. பேரில்லாத மூஞ்சியாத்தான் நாங்க அங்க அத்தன வருசம் இருந்தோம். செத்தும் அவ அப்படியே இருக்கணுமா?"

அதனால்தான் இதை ஊரறிய எழுதுகிறேன். பெட்டியை வாங்குகிறவர்கள் வாங்கட்டும். பாட்டு நன்றாகத்தான் கேட்கிறது, கடையில் நின்று கேட்டேன். ஆனால் உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். அந்தப் பொட்டை எங்கே கண்டாலும், அதை வைத்தவள் யார் என்று அங்கே இருப்பவர்களிடம் சொல்லாமல் நகர மாட்டேன். கடைக்காரர் விரட்டினாலும் சொல்லிவிட்டுத்தான் போவேன். முதலில் இங்கே சொல்கிறேன்.

இப்படிக்கு,
மாதம்மாவின் மகன்
சக்திவேல்