சன்னல் பக்கத்து இரண்டாம் டிக்கெட்

மகளுக்கு,

உன் கல்யாணத்துக்கு நான் வராமல் இருந்ததிலிருந்து நாம் பேசிக்கொள்ளவில்லை. இது அதைப் பற்றிய கடிதம் அல்ல. ஒரு ரயில் பயணத்தைப் பற்றியது.

அருவியில் இப்போது தண்ணீர் நிறைய விழுகிறதாம். போகலாம், போகலாம் என்று சொல்லியே உன் அப்பா காலத்தை ஓட்டிவிட்டார். அடுத்த மாதம் ஒன்பதாம் தேதி காலை ரயிலில் கிளம்புவதென்று நான் முடிவு செய்து, முன்பதிவுப் படிவத்தை நிரப்பிக் கொடுத்தேன். அடித்தல் திருத்தல் கிடையாது.

கவுன்ட்டரில் இருந்த பெண் அதைப் பார்த்துவிட்டு, "ஐயாவுக்கும் சன்னல் பக்கமே வேணுமாம்மா?" என்றாள். அப்போதுதான் கவனித்தேன். என் பெயருக்குக் கீழே உன் அப்பாவின் பெயரை எழுதியிருந்தேன். வயது எழுபத்தாறு என்றும் போட்டிருந்தேன். இருந்திருந்தால் இந்த வருடம் அதுதான்.

பின்னால் நீண்ட வரிசை. தவறாக எழுதிவிட்டேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "வேணும்" என்றேன்.

மறுநாள் போய், அந்தப் பெயரை மாற்ற முடியுமா என்று அதே பெண்ணிடம் விசாரித்தேன்.

"மாத்தலாம்மா. ஆனா நெருங்கின குடும்பத்து ஆளுங்க பேருக்குத்தான் மாத்த முடியும். பிள்ளைங்க இருக்காங்களா?"

"ஒரு பொண்ணு இருக்கா."

"வருவாங்களா?"

"பிடிவாதக்காரி. கேட்டுத்தான் பார்க்கணும்."

"யாரு மாதிரியோ!" என்று சிரித்தாள். அதிகப்பிரசங்கி.

எட்டாம் தேதிக்குள் உன் சம்மதம் தெரிந்தால் போதும், பெயரை மாற்றிவிடுவார்கள். டிக்கெட்டை ரத்து செய்யவும் வழி இருக்கிறது என்று அவள் ஏதோ சொன்னாள். நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

உன் அம்மா