உன் பாடத்தின் மேல் நான் போட்ட கோடு

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நானும் உன் தங்கையும் ஒரு குறையுமில்லாமல் இருக்கிறோம், நீயும் அங்கே விடுதியில் சளி இருமல் இல்லாமல் நேரத்துக்குச் சாப்பிட்டுக்கொண்டு இருப்பாய் என்று நம்புகிறேன். உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது, வேலை அதிகம் அதனால்தான் தாமதம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், ஆனால் அது பொய். வேலை எப்போதும் போலத்தான், காலையில் ஆய்வகத்துக்குப் பத்துப் பதினைந்து பாட்டிலில் தண்ணீர் வரும், சோதிப்பேன், பதிவேட்டில் எழுதுவேன், கையைக் கழுவிவிட்டு வீட்டுக்கு வருவேன். உன் வாயாடித் தங்கைக்கு முன்பல் விழுந்துவிட்டது, அத்தை வந்திருந்தபோது "பல்லு போன சந்துல காத்து போகுது, அதான்டி உன் வாய் ஓயமாட்டேங்குது" என்றாள், இவள் சளைக்காமல் "உங்களுக்குத்தான் பல்லு எல்லாம் இருக்கே அத்தை, நீங்க ஏன் ஓயமாட்டேங்கறீங்க" என்று கேட்டுவிட்டாள். நானும் சிரித்தேன் என்றுதான் நினைக்கிறேன். சமையலறைக் குழாய் மறுபடி சொட்டுகிறது, குழாய்க்காரர் வந்து பார்த்துவிட்டு "இதை மொத்தமா மாத்தணும்னு போன தடவையே சார் சொன்னாரே, அவர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுச் சொல்லுங்கம்மா" என்றார். நான் சரி என்றேன். அவருக்கு அப்பா விஷயம் தெரியாது, குழாய் இன்னும் சொட்டிக்கொண்டுதான் இருக்கிறது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். நீ அனுப்பிய விருப்பப் பாடப் படிவத்தில் வானியல், தடயவியல், சுற்றுச்சூழல், மனித உடலியல் என்று நான்கு இருந்தன, நீ கீழே முத்து முத்தாக மனித உடலியல் என்று எழுதி என் கையெழுத்துக்கு அனுப்பியிருந்தாய். கூடவே உன் கடிதத்தில், "எட்டு மாசமா எல்லாரும் அப்பாவுக்குத் திடீர்னு ஆயிடுச்சுன்னு மட்டும்தான் சொல்றீங்க, என்ன ஆச்சுன்னு யாரும் சொல்லல, ஆறாவது வாரம் ஆட்டு இதயத்தை வெட்டிக் காட்டுவாங்களாம், நான் பார்க்கணும்மா" என்று எழுதியிருந்தாய். நின்றபடியே படித்தேன். அத்தையிடம் சொன்னதற்கு "அதையெல்லாம் பார்த்துட்டுப் பிள்ளைக்குச் சோறு இறங்குமா? நட்சத்திரத்தைப் பார்க்கச் சொல்லு, யாருக்கும் தொந்தரவு இல்ல" என்றாள். எனக்கும் அதுதான் வேண்டியிருந்தது போலிருக்கிறது.

எங்கள் ஆய்வகத்தில் ரப்பரும் வெள்ளை மையும் கூடாது என்று உனக்குத்தான் தெரியுமே. தப்பான எண்ணின் மேல் ஒரே ஒரு கோடு, அடியில் இருப்பது படிக்கத் தெரிய வேண்டும், பக்கத்தில் சரியானது, சுருக்கொப்பம், தேதி. காலியாக நிற்கும் கட்டத்துக்கும் குறுக்கே கோடு, பின்னால் யாரும் அதில் எதையும் எழுதிவிடக் கூடாது என்பதற்காக. அதே மாதிரி நீ எழுதியதன் மேல் ஒரு கோடு போட்டேன், வானியல் என்று எழுதினேன், சுருக்கொப்பமும் தேதியும் போட்டேன். கீழே தாய் கையெழுத்து என்ற கட்டத்தில் கையெழுத்துப் போட்டேன். பக்கத்தில் தந்தை கையெழுத்து என்ற கட்டம் காலியாக இருந்தது, கை தன்பாட்டுக்குப் போய் அதிலும் குறுக்கே கோடு போட்டுத் தேதியை எழுதிவிட்டது. பள்ளிக்கூடத்துக்கே தபாலில் அனுப்பிவிட்டுத் திரும்பி நடக்கும்போதுதான் என்ன செய்தோம் என்று உறைத்தது. அப்போதும் அழுகை வரவில்லை. பால் தீர்ந்துவிட்டது ஞாபகம் வந்தது, வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

போன சனிக்கிழமை உன் அறிவியல் மிஸ் போன் செய்தார். "திருத்தம் ரொம்ப சுத்தமா இருக்கும்மா, ஆபீஸ்ல அப்படியே வானியல்னு பதிஞ்சுட்டாங்க. ஆனா அடியில இருக்கறதும் நல்லாப் படிக்கத் தெரியுது, அது உங்க பொண்ணு எழுதினது. அவ தினமும் வந்து உடலியல் லிஸ்ட் வந்துடுச்சான்னு கேக்கறா. நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?" என்றார். நானே சொல்றேன் மிஸ் என்றேன். இந்த வெள்ளிக்கிழமை வரைக்கும் மாற்றலாமாம், புதுப் படிவமும் அனுப்பிவைத்தார். அதனால்தான் இதைக் கூரியரில் அனுப்புகிறேன்.

உன்னைக் காப்பாற்றுவதாக நினைத்துச் செய்தேன் என்று எழுதலாம், பாதிதான் உண்மை. அன்றைக்கு ஆஸ்பத்திரியில் டாக்டர் ஒரு தாளின் பின்பக்கம் படம் போட்டு, எந்த ரத்தக்குழாய் அடைத்தது, ஏன் அடைத்தது என்று பொறுமையாகச் சொன்னார். வேதியியல் படித்த உன் அம்மா தலையைத் தலையை ஆட்டினாளே தவிர ஒரு கேள்வி கேட்கவில்லை, ஒரு வார்த்தைகூடக் காதில் ஏறவும் இல்லை. அந்தத் தாளை எடுத்து வைத்திருந்தேன், இதற்குள் மடித்து வைத்திருக்கிறேன். படித்துப் பார், புரிந்தால் லீவுக்கு வரும்போது எனக்குச் சொல்லிக் கொடு. இந்தத் தடவை கேட்டுக்கொள்கிறேன்.

புதுப் படிவத்தில் என் கையெழுத்து மட்டும் போட்டிருக்கிறேன், பாடத்தின் பெயரை நீயே எழுது. வெள்ளிக்கிழமையைத் தாண்டவிடாதே, மிஸ் கையிலேயே கொடு. வகுப்பில் முடியை இறுக்கிக் கட்டிக்கொள், கையுறை இல்லாமல் எதையும் தொடாதே, தலை சுற்றினால் வீம்புக்கு நிற்காமல் உட்கார்ந்துவிடு. நல்ல உடம்போடும் தெளிந்த மனசோடும் நீ படித்து மேலே வர வேண்டும், அம்மாவின் ஆசி எப்போதும் உனக்கு உண்டு.

தந்தை கையெழுத்துக் கட்டத்தில் இந்தத் தடவை கோடு போடவில்லை. ஆபீசில் ஏன் காலியாக இருக்கிறது என்று கேட்டால், மறந்து விட்டதில்லை, அம்மா தெரிந்தேதான் விட்டிருக்கிறாள் என்று சொல்.

இப்படிக்கு,
உன் அம்மா