மேசை தட்டிய கை

அன்புள்ள மகனுக்கு அம்மா எழுதுவது. நான் நலமாகவே இருக்கிறேன், முழங்கால் மட்டும் தன் இஷ்டத்துக்கு வலிக்கிறது. உன் நலத்தை விசாரிக்க அவசியமில்லாதபடி செவ்வாய்க்கிழமை தொலைக்காட்சியில் உன்னைப் பார்த்துவிட்டேன். கன்னம் பூரித்திருக்கிறது, காலர் ஒரு பக்கம் மடிந்திருந்தது, மருமகள் ஊரில் இல்லையா?

நாடாளுமன்றத்தில் பள்ளிக்கூட நிதி விவாதம் என்றதும் உன் தங்கை தோள்பையைக்கூட இறக்காமல் பார்க்க உட்கார்ந்தாள், எதிர்வீட்டுத் தையல்காரரும் வந்தார். மூளை உள்ளவர்கள் கூடும் இடம் அது என்று நம்பி வளர்ந்தவள் நான். ஒருவர் வாயைப் பிளந்து தூங்குகிறார், ஒருவர் கைப்பேசியைப் பார்த்துச் சிரிக்கிறார், இன்னொருவர் ஏழைத் தாய்மார்களுக்குப் பொறுப்பே இல்லை என்று நெஞ்சில் கைவைத்து உருகுகிறார், தன் மூக்கைத் தானே துடைத்துப் பழகியவராக அவர் தெரியவில்லை. பிறகு உங்கள் அமைச்சர் எழுந்தார். பிள்ளைகள் குறைந்த பள்ளிகளுக்கு இனி நிதி கிடையாது, மூடிவிட்டுப் பெரிய பள்ளியோடு சேர்த்துவிடுவோம், பிள்ளையை அனுப்பாத தாய்க்கு உதவித்தொகை நிறுத்தப்படும் என்றார். எழுதிக் கொடுத்ததைக்கூடத் தடுக்கி விழாமல் படிக்கத் தெரியவில்லை. உதாரணத்துக்கு ஒரு பள்ளியைச் சொன்னார். உன் தொகுதியில், நூற்பாலைக்குப் பின்னால் இருக்கும் பள்ளி, உன் தங்கை பாடம் நடத்துகிற பள்ளி. அப்போது கேமரா உன் பக்கம் திரும்பியது. நீ மேசையைத் தட்டிக்கொண்டிருந்தாய்.

உங்கள் கட்சிக்காரர் வாய் திறந்தால் தட்டுவது அங்கே வழக்கம் என்று எனக்குத் தெரியும். நீ கேட்டுவிட்டுத் தட்டவில்லை என்பதும் உன் முகத்திலேயே தெரிந்தது, பக்கத்துக்காரர் தட்டினார், நீயும் தட்டினாய். அதுதான் எனக்கு அதிகக் கேவலம். கெட்ட எண்ணத்தோடு தட்டியிருந்தால் ஏதோ ஒரு எண்ணமாவது இருந்ததே என்று ஆறுதல் பட்டிருப்பேன். தையல்காரர் பாவம், வஞ்சகமே இல்லாமல், எல்லாரையும் விட உங்க பையன்தாம்மா நல்லா தட்டுறார் என்று பாராட்டினார். உன் தங்கை, அண்ணனுக்குக் கை வீங்கியிருக்கும், தைலம் வாங்கி அனுப்பும்மா என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போனவள் வெகுநேரம் வெளியே வரவில்லை. நான் படித்த கான்வென்ட் பள்ளியில் காரணம் தெரியாமல் கைதட்டினால் முட்டி போட வைப்பார்கள். உங்களுக்கோ சம்பளம் தருகிறார்கள்.

அந்தப் பெரிய பள்ளி எங்கே இருக்கிறது என்று அமைச்சருக்குத் தெரியாது, உனக்குத் தெரியும். லாரிகள் பறக்கிற சாலைக்கு அந்தப் பக்கம். ஆலைப் பெண்கள் விடியுமுன்பே வேலைக்குப் போய்விடுகிறார்கள், பிள்ளைகளைக் கைபிடித்துச் சாலை தாண்டவைக்க யார் இருக்கிறார்கள்? பிள்ளை வீட்டிலேயே நிற்கும், அதனால் தாயின் உதவித்தொகையும் நிற்கும், அதற்கும் நீங்கள் தட்டுவீர்கள்.

வியாழக்கிழமை வாக்கெடுப்பு என்கிறார்கள். நானும் உன் தங்கையும் ரயிலில் வந்து பார்வையாளர் மாடத்தில் உட்காரப் போகிறோம். அன்று இரவு உன் வீட்டில் சாப்பிடுவதா, ரயில் நிலையத்தில் சாப்பிடுவதா என்பதை வாக்கெடுப்பு முடிந்த பிறகு சொல்கிறேன். மருமகளுக்கு என் அன்பு, காலரைக் கவனி. கடவுள் உனக்கு நல்ல புத்தியும் நீண்ட ஆயுளும் தரட்டும், இதே வரிசையில் தரட்டும். ஒன்றை மட்டும் நினைவில் வை. நீ குழந்தையாக இருந்தபோது முதலில் பேசிய சொல் அம்மா இல்லை, மாட்டேன். என்னிடம் ஓயாமல் சொன்னதை அவர்களிடம் ஒருமுறை சொல்.

உன் அம்மா