அழித்ததாக நினைத்த பட்டியல்

நவம்பர் 10, திங்கள்

விடியலில் இருந்து மழை. புத்தளத்தில் ஆறரை பஸ். கற்பிட்டிக்குப் போய்ச் சேரும்போது சப்பாத்துக்குள் தண்ணீர்.

ஐந்து நாள் மேல்நிலைப் பயிற்சி. பெரிய நிறுவனங்களில் கணினிகளை ஒன்றோடொன்று இணைக்கும் பெட்டிகள், நெட்வேர்க் சுவிச்சுகள். பத்து வருட அனுபவம் உள்ளவர்களுக்கு மட்டும். சீசன் முடிந்த ஹோட்டல், மண்டபம் மலிவாகக் கிடைத்திருக்கும். ஏசி பிசாசு. நாளைக்கு சுவெற்றர்.

பதினொரு பேர். எல்லோருக்கும் தொந்தியும் அபிப்பிராயமும் உண்டு. பயிற்றுநர் சர்மிளா மிஸ், சிலாபம், என்னைவிடப் பத்து வயதாவது இளையவர். "சேர்மாருக்கு எல்லாம் தெரியும். தெரியும் எண்டு நினைக்கிறதுகளத்தான் இந்தக் கிழமை பாக்கப் போறம்." எல்லோரும் சிரித்தார்கள். எனக்குப் பிடிக்கவில்லை.

எங்கள் இறால் தொழிற்சாலையில் நெட்வேர்க் பிரிவுத் தலைவர் பதவி காலி. மனேஜர் சொல்லி அனுப்பியது: "சான்றிதழோட வாங்க, கதிரை உங்களுக்குத்தான்."

நவ. 11, செவ்வாய்

மழை, காற்று. வாங்க: பாண், தலைவலி மாத்திரை, வீட்டுக்காரி ஸபீனாவுக்கு மூட்டு எண்ணெய்.

பயிற்சியை முதலில் முடித்தது நான். பக்கத்துக் கதிரைக்காரர் என்னுடையதைப் பார்த்து எழுதினார். அற்ப சந்தோஷம்.

திரும்பும்போது பஸ் தலவிலச் சந்தியில் நின்றது. அன்ரனின் ஊர். என் கீழே நாலு வருடம் வேலை செய்தவன், போன வருடம் வேலையிலிருந்து நிறுத்தப்பட்டவன். ஏறிவிடுவானோ என்று போனுக்குள் தலையை விட்டுக்கொண்டு இருந்தேன். ஏன் என்று தெரியவில்லை. நான் அறிக்கை எழுதியது மட்டும்தான்.

நவ. 12, புதன்

எழுத மனமில்லை. எழுதாவிட்டால் நித்திரை வராது.

மிஸ் மேசையில் நாலு சுவிச், ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தன. எந்த இணைப்பு எந்தப் பிரிவுக்கு என்ற பட்டியலை ஒன்றுக்கொன்று பகிர்ந்துகொள்ளும் வகை. பட்டியலைத் திருத்தும் ஒவ்வொரு தடவையும் அதன் எண் ஒன்று கூடும். எண் பெரிதாக உள்ள பட்டியலை மற்றவை கண்ணை மூடிக்கொண்டு நம்பும். இது எனக்கும் தெரியும்.

பிறகு ஒரு பழைய சுவிச்சை எடுத்தார். எல்லோர் முன்னும் அதில் பதிந்திருந்த அமைப்பை அழித்தார். "இப்ப இது புதுசுதானே சேர்?" ஓம் என்றேன், எல்லோருக்கும் முதல். இணைத்தார். இரண்டு நிமிடம்கூட இல்லை, நாலும் செத்துப்போயின.

பட்டியல் வேறொரு கோப்பில் இருக்கிறது. அமைப்பை அழித்தால் அது அழியாது. பழைய எண்ணோடு உள்ளேயே இருக்கும். அந்த எண் பெரிது, நாலும் அதை நம்பித் தங்கள் பட்டியலைக் கைவிட்டன.

"ஆனைக்கும் அடி சறுக்கும், சேர்," என்றார் மிஸ், என் முகத்தைப் பார்த்து. எல்லோரும் சிரிக்க நானும் சிரித்தேன்.

போன வருடம் தொழிற்சாலைக் குளிரறையில் நான் இணைத்துப் பூட்டியதும் பழைய சுவிச்தான். பழகுவதற்கென்று களஞ்சியத்தில் வைத்து நூறு தடவை பட்டியலை மாற்றிய சுவிச். அழித்துவிட்டுத்தான் பூட்டினேன்.

வீட்டுக்கு வந்ததும் போன வருட நாட்குறிப்புக் கொப்பியைத் தேடி எடுத்தேன். என் எழுத்து: "9.40 அன்ரன் அலுவலக கேபிள் மாற்றி முடிந்தது. 9.50 குளிரறை சுவிச் பூட்டினேன். 9.52 எல்லாம் விழுந்தது."

அன்ரன் முடித்த பிறகும் பத்து நிமிடம் எல்லாம் ஓடியிருக்கிறது. இதை எழுதிய கையாலேயே "அன்ரனின் கேபிள் தவறு" என்று அறிக்கையும் எழுதியிருக்கிறேன். குளிரறை வெப்பநிலை அளவீடு அரை நாள் வராமல் இறால் முழுவதும் நாசம், கப்பல் போகவில்லை, பழி போட ஒரு ஆள் வேண்டியிருந்தது. நான் பொய் எழுதவில்லை. ஆனால் என்னைச் சந்தேகிக்கவே இல்லை. அது அதைவிடக் கேவலம்.

நவ. 13, வியாழன்

மழை இல்லை, புழுக்கம். வகுப்பில் ஒன்றும் ஏறவில்லை.

ஸபீனாவிடம் சொன்னேன். "அன்ரன் ஒண்டும் கேக்கல்லியே. நீங்க ஏன் போய்த் தலயக் குடுக்கிறீங்க? மகள்ட கெம்பஸ் செலவு இரிக்கி." சரிதான். அறிக்கை மூடியாகிவிட்டது. சர்மிளா மிஸ்ஸுக்கும் தெரியாது. ஆனால் எனக்குத் தெரியும், அதுதான் தொல்லை.

நவ. 14, வெள்ளி

சுபஹு தொழுகைக்குப் பிறகு ஸபீனா தேநீரை வைத்துவிட்டு நின்றா. "பழி ஓரிடம் பாவம் ஓரிடம் எண்டு சொல்லுவாங்க. நம்மட வூட்டுல அது வாணாம். போய்ச் சொல்லிட்டு வாங்க." இரவு அவவும் தூங்கவில்லை போல.

காலையில் பரீட்சை. சித்தி எய்தினேன். சான்றிதழை உறையில் போட்டுத் தந்தார்கள். கற்பிட்டியில் ஜும்ஆ தொழுகை. பிறகு பஸ், தலவிலச் சந்தியில் இறங்கினேன்.

மீன் இறக்கும் இடத்தில் ஐஸ் உடைத்துக்கொண்டு நின்றான் அன்ரன். மெலிந்திருக்கிறான். "வாங்க நானா!" அண்ணன் என்று கூப்பிடும் பழைய முறைதான். வீட்டுக்குக் கூட்டிப்போய்ப் பிளேன்டீ தந்தான். கோபமே இல்லை. அதுதான் தாங்கவில்லை.

ஏன் நெட்வேர்க் வேலை தேடவில்லை என்று கேட்டேன்.

"என்ட கை சரியில்ல நானா. எத்தின பேர்ட வேலய நாசமாக்கின கை. இப்ப வீட்டு பல்ப் மாத்தவும் பக்கத்து வீட்டாளத்தான் கூப்பிடுற."

சொன்னேன். சுவிச், எண், கொப்பியில் இருந்த நேரம், எல்லாம். அவன் தொழில் தெரிந்தவன், பாதியிலேயே விளங்கிவிட்டது. கோப்பையைக் கீழே வைத்தான்.

"அப்ப அது நான் இல்லியா?"

இல்லை என்றேன். திரும்பவும் கேட்டான். மூன்றாம் தரமும் கேட்டான். பிறகு உள்ளே பார்த்துக் கூப்பிட்டான், "மேரி, இங்க வா. நானா, இத அவக்கு முன்னால சொல்லுங்க."

அவன் மனைவி மாப் பிசைந்த கையோடு வந்து நின்றா. திரும்பவும் முதலில் இருந்து சொன்னேன். சுவிச் ஒன்றும் அவவுக்கு விளங்கவில்லை. "பிழை என்னுடையது" என்றது விளங்கியது. என்னை ஏசுவா என்று பார்த்தேன். கையைத் துடைத்தா.

"எழுதித் தாங்க."

இந்தக் கொப்பியின் நடுவில் இருந்து இரட்டைத் தாளைக் கிழித்து எழுதினேன், மனேஜருக்கு முகவரியிட்டு, இரண்டு பிரதி. ஒன்றை அவ வாங்கிக்கொண்டா. மற்றது என் பையில், சான்றிதழுக்குப் பக்கத்தில். பெயர், அடையாள அட்டை இலக்கம், கையெழுத்து. பதவி என்ற இடத்தில் என்ன எழுதுவது என்று தெரியாமல் வெறுமையாக விட்டேன்.