வவுனியா வெயில்

அன்புள்ள அண்ணா,

இந்த நேரத்தில் எழுதுவதற்கு மன்னித்துக்கொள்ளுங்கோ. பகலில் பிள்ளை விடுவதில்லை. அவள் உறங்கிய பிறகு, வரப்போகும் பதினைந்து நாளின் காலநிலையைப் போனில் பார்த்துக்கொண்டிருந்தேன். காலையில் கடல் குளம்போலக் கிடக்குமாம். பின்னேரங்களில் இடி, மின்னல், திடீர்க் காற்று. சித்திரை பாதி வரைக்கும் இப்படித்தானாம். நாளைக்குரிய கட்டத்திலும் மின்னல் கீறியிருக்கிறது. மேலே இருந்த ஊர்ப் பெயரை மூன்று தரம் வாசித்தேன். முல்லைத்தீவுதான்.

ஏன் மூன்று தரம் என்று உங்களுக்கு மட்டும் சொல்கிறேன்.

ஆறு வருடத்துக்கு முந்திய பங்குனி. கல்லூரி விடுமுறைக்கு வவுனியாவிலிருந்து வந்து, குசினியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். வலையைத் தோளில் போட்டபடி எட்டிப் பார்த்தீர்கள்.

“எடி படிச்சவளே, உன்ரை போன் என்ன சொல்லுது? இனி வானம் பாக்கிற உத்தியோகம் உனக்குத்தான். சம்பளம் மீன்தலை.”

“தலையை நீங்களே வைச்சிருங்கோ, உங்களுக்குத்தான் அது இல்லை,” என்று சொல்லி, ஈரக் கையால் போனைத் தட்டினேன். “கிழமை முழுக்க வெயில் அண்ணா. பயப்பிடாமல் போங்கோ.”

பின்னேரம் தரைப் பக்கமிருந்து கறுத்து வந்தது. மறுநாள் படகு மட்டும் கரை ஒதுங்கியது. வீடு நிறைய ஆட்கள். “முழக்கம் வருமெண்டு ஆருக்குத் தெரியும்?” என்று அம்மாவைத் தேற்றினார்கள். அதற்கு நடுவில்தான் போனைத் திறந்தேன். வெயிலுக்கு மேலே, சின்ன எழுத்தில், வவுனியா. படிக்கப் போன நாளில் போனில் மாற்றிய ஊரை நான் திருப்பி மாற்றவில்லை. முல்லைத்தீவு என்று மாற்றிப் பார்த்தேன். கிழமை முழுக்க மின்னல்.

ஒருவருக்கும் சொல்லவில்லை. அம்மா இன்றைக்கும், “தங்கச்சி பாத்துத்தான் அனுப்பினவள், அது அவன்ரை விதி,” என்றுதான் வருகிறவர்களுக்குச் சொல்லுவா. அதைப் பிடித்துக்கொண்டுதான் அவா எழும்புகிறா.

இப்போது என் மனிசனும் கடல் தொழில்தான். இந்தக் கிழமை மூன்று நாள் என்னைக் கேட்டார். மூன்று நாளும் போன் நல்ல வானம் காட்டியது. மூன்று நாளும் நான் மழை என்றேன். மற்றவர்கள் போய்ப் பாரை மீனோடு வந்தார்கள். நேற்றுச் சாப்பிடும்போது, “இஞ்சாரும், உம்மடை மழை எங்கை? பிள்ளைக்கு ஒரு குடை வாங்குவமே?” என்று சிரித்தார்.

இன்றைக்குத்தான் உள்ளதைச் சொன்னேன். “நாளைக்குப் பின்னேரம் மின்னல். போகாதேங்கோ.”

“நாலாவது மழையோ?” என்றார். “பெரிய வெள்ளிக்கு முதல் நான் ஒருக்காலும் கடல் பாக்கவேண்டாமோ? நாளைக்குப் போறன்.”

போனை நீட்டினேன். அவர் பார்க்கவில்லை.

வவுனியாக் கதையைச் சொன்னால் நிற்பார். நான் ஏன் பொய் சொன்னேன் என்று விளங்கும். ஆனால் இங்கே ஒரு கதை ஒரு வளவு வேலிக்குள் நிற்காது. அம்மாவிடம் மிச்சமிருக்கிற அந்த ஒரு ஆறுதலையும் நான் பறிக்க வேண்டியிருக்கும்.

பின்னேரம் ஐந்து மணியானால் கைவேலையைப் போட்டுவிட்டு மேற்கே பார்க்கிறேன், அண்ணா. பிள்ளையும் பழகிவிட்டாள். எங்காவது முழங்கினால் அவள் வானத்தைப் பார்ப்பதில்லை, என் முகத்தைப் பார்க்கிறாள்.

நாளைக்கு மத்தியானம் இரண்டு மணிக்குப் படகு இறங்கும். சொல்லட்டுமா? அதற்கு முதல் பதில் போடுங்கோ.