பொடி வாசனை

1960 மார்ச் 8, செவ்வாய். சித்தூர்.
பத்திரிகைக்கு எல்லைச் செய்தி இரண்டு பத்தி அனுப்பினேன். ஏப்ரல் முதல் தேதி திருத்தணி மதராஸ் பக்கம் போகிறது, குடிபாலா இங்கே ஆந்திராவிலேயே.
குடிபாலா பஸ் கண்டக்டர் சொன்னார்: ஊர்க்கோடிக் குடிநீர்க் கிணற்றில் பூச்சிமருந்து டின் விழுந்து உடைந்ததாம்.

மார்ச் 9.
போய்ப் பார்த்தேன். தண்ணீர் தெளிவாகவே இருந்தது. சுகாதார இன்ஸ்பெக்டர் பிளீச்சிங் பவுடர் போடவைத்தார். "காலராவையே அடக்கின பொடி சார் இது. நாளன்னிக்கிக் காலையில மொண்டுக்கலாம்."
கூலிவேலை செய்யும் சென்னம்மா, "அதுவரைக்கும் வாயில ஈரத்துணியா?" என்றாள். மகள் சுந்தரி சிரித்தாள். ஆறு வயது.

மார்ச் 10. திருப்பதி.
காலேஜில் ரசாயனம் நடத்தும் ரங்கையாவைக் கேட்டேன். "பொடி கிருமியைக் கொல்லும். விஷத்தை என்ன செய்யும்? கிணத்தை மூடி, முழுக்க இறைச்சு, கரித்தூள் போட்டு வடிகட்டணும். இன்னிக்கே போய்ச் சொல்லுங்க."
ஒருவர் சொல்லை மட்டும் நம்பி இருபத்தாறு வருஷத்தில் ஒரு வரி எழுதியதில்லை. டாக்டர் ஒருவரையும் கேட்டுவிடலாம் என்று இருந்தேன். அவர் ஊரில் இல்லை. குடிபாலா திரும்ப இருந்த மூன்று மணி பஸ்ஸை விட்டேன்.

மார்ச் 11.
காலை எட்டு மணிக்கு டாக்டர், "ரங்கையா சொன்னது சரி" என்றார். குடிபாலா சேர மதியம்.
சுந்தரியை வண்டியில் வேலூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனவர்கள் பாதி வழியிலேயே திரும்பியிருந்தார்கள்.
சென்னம்மா சொன்னாள்: "பொடி வாசனை வந்திச்சி, பேப்பர்காரரே. காலராவப்ப நீங்கதானே எழுதினீங்க, வாசனை வந்தா பயமில்லன்னு? டீக்கடையில படிச்சாங்களே. அதான் நானே மொண்டு குடுத்தேன்."
எழுதினேன். காலராவுக்கு அது சரி. காலராவுக்கு.

மார்ச் 12.
மூன்று மணி பஸ்.

மார்ச் 20.
நான்காம் முறை இறைத்தார்கள். கிணறு தூர்வாரும் கருப்பன் உள்ளே இறங்கிச் சேற்றை வாரினான். கரியும் மணலும் நிரப்பிய பீப்பாய்களை ரங்கையா நின்று பார்த்துக்கொண்டார். தண்ணீர் சோதனைக்குப் போயிற்று.

ஏப்ரல் 1, வெள்ளி.
திருத்தணிக்குப் போகச் சொல்லித் தந்தி. குடிபாலா போனேன். தண்ணீர் நல்லது என்று சோதனைக் காகிதம் வந்துவிட்டது, படித்துக் காட்டினேன். ஒருவரும் குடத்தை இறக்கவில்லை.
சென்னம்மா ஒரு சொம்பு மொண்டு நீட்டினாள். "நீ குடி."
இதுவரை என்னை நீ என்றதில்லை.
குடித்தேன். வாசனை இல்லை. எல்லாரும் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். வெகுநேரம் கழித்து ஒருத்தி கிணற்றுக்குள் கயிற்றை விட்டாள், பிறகு மற்றவர்கள்.
சென்னம்மா காலிக்குடத்தோடு பக்கத்தூர்ப் பாதையில் போய்விட்டாள்.